நடுவே நிற்கும் காற்று

சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்கு ஃபிரான்ஹோஃபர் எழுத்துகளைப் பெயராக இட்டபோது ‘ஏ’, ‘பி’ என்று குறித்த இரண்டும் சூரியனுடையவை அல்ல. நம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடையவை. பொழுது சாயும்போது சில கோடுகள் தடிப்பதைப் பின்னர் பிரூஸ்டர் கவனித்தார். ஜெனீவா ஏரிக்கரையில் விறகு எரித்து, 21 கிலோமீட்டர் தள்ளி நின்று அதன் ஒளியை ஆராய்ந்தார் ஜான்சென். நெருப்பில் இல்லாத கோடுகள் இடையிலிருந்த காற்றால் வந்திருந்தன.

விண்மீன்களின் நிறமாலையிலும் கலந்துவிடும் இக்காற்றுக் கோடுகளை நீக்குவதில் மூத்த மரபு, ஒப்பீட்டு விண்மீனை நம்புவது. இலக்கை நோக்கிய கையோடு, ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்கும் வெப்பமான ‘ஏ’ வகை விண்மீனையும் பதிவுசெய்து, முன்னதைப் பின்னதால் வகுப்பார்கள். அவ்விண்மீனின் ஹைட்ரஜன் கோடுகளே தொல்லை தரும். 2003-இல் வாக்கா, குஷிங், ரேனர் மூவரும் வேகா விண்மீனின் மாதிரியைக் கொண்டு அவற்றைக் களைய வழி செய்தார்கள். ஆனால் நீராவி சில நிமிடங்களிலேயே மாறிவிடும்; ஒப்பீட்டு விண்மீனுக்குத் தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் காற்று வேறாகியிருக்கும்.

கணக்கை நம்பும் மரபு அதனால்தான் வளர்ந்தது. மூலக்கூறுகளின் கோடுகளைத் தொகுத்த ஹைட்ரான் பட்டியலும் அன்றைய வானிலையும் இருந்தால், இலக்கின் நிறமாலையிலேயே காற்றைப் பொருத்திப் பார்க்கலாம். ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தார் பயன்படுத்தும் மோலெக்ஃபிட் (2015) என்ற மென்பொருள் அவ்வகை. தரவையே ஆசானாகக் கொள்வது இன்னொரு மரபு: பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால் ஆண்டு முழுக்க விண்மீனின் கோடுகள் நகரும், காற்றின் கோடுகள் நகரா; அதைக் கொண்டே இரண்டையும் பிரிக்கலாம்.

ஆக்சிஜனுக்குக் கணக்கே போதும் என்பது என் துணிபு. நீராவி விரைவில் மாறினாலும், அதற்கு ஒப்பீட்டு விண்மீனை இன்னும் கைவிடலாகாது. 725 மீட்டர் உயரக் காவலூர் வானாய்வகத்துக்கும் 4,500 மீட்டர் உயர ஹான்லே வானாய்வகத்துக்கும் உள்ள வேறுபாட்டில் வறண்ட காற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒளி முழுதும் விழுங்கப்பட்ட இடத்தை, 1.4 மைக்ரான் அருகே நேர்வது போல, வெற்றிடமாகவே விட வேண்டும். அங்கே வகுத்தால் வருவது இரைச்சல். அதை விண்மீனின் பேரில் எழுதுவது தவறு.

நீக்கிய வளைவையும் முடிவோடு சேர்த்து வெளியிடுமாறு இளைய ஆய்வாளர்களை வேண்டுகிறேன். நாம் நீக்குவதும் பிறருக்குப் பயன்படலாம்: 1973-இல் கிரிஃபின் தம்பதியர் ஆக்சிஜன் கோடுகளையே திசைவேகம் அளக்கும் கோலாகக் கொள்ளலாம் என்றனர். 2010-இல் ஃபிகெய்ரா குழுவினர் ஆறாண்டுத் தரவில் பார்த்தபோது, அக்கோடுகள் விநாடிக்கு 10 மீட்டர் அளவுக்குள் நிலைத்திருந்தன.