‘காதல் கொண்டேன்’: கடன் பட்டவர் யார், அடைப்பவர் யார்?

திரைப்படத்தைப் பற்றி எழுதுவது இலக்கிய விமர்சகனுக்குத் தகாத காரியம் என்று எண்ணுவோர் இன்றும் எம்மிடையே உளர். நாவலையும் கவிதையையும் ஆராயச் செலவிடும் நேரத்தில் ஒரு சிறு பங்கையேனும் சினிமாவுக்கு ஒதுக்க அவர்கள் ஒருப்படார். ஆயினும் ஒரு நல்ல நாவலைப் படிப்போர் சில நூற்றுவர். ஒரு வெற்றிப் படத்தைப் பார்ப்போரோ பல இலட்சத்தவர். பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் நூல் எழுதியமை, இத்துறையைப் புறக்கணித்தல் ஆகாது என்பதற்குப் போதிய சான்றாகும். காதல் என்றால் என்ன, ஆண்மை என்றால் என்ன, பெண்ணின் மறுப்புக்கு என்ன பொருள் என்பவற்றை எமது மாணவர் பாடநூலிலிருந்து கற்பதில்லை. தமிழகத்திலிருந்து வரும் படங்களிலிருந்தே பெரிதும் கற்கின்றனர். ஆசிரியர்களாகிய நாம் இதைக் காணாததுபோல் இருந்துவிட முடியுமா?

2003 ஜூலை 4ஆம் நாள் வெளியான ‘காதல் கொண்டேன்’ அத்தகைய படங்களுள் ஒன்று. செல்வராகவன் தம் பெயரில் நெறியாண்ட முதற் படம் இது. தனுஷ், சோனியா அகர்வால், சுதீப் சாரங்கி ஆகியோர் நடிக்க, யுவன் சங்கர் ராஜா இசையமைத்தார். வெளியாகி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இளைஞர் இதனை விரும்பிப் பார்க்கின்றனர். நாயகனுக்காகக் கண்ணீரும் வடிக்கின்றனர். அந்தக் கண்ணீர் நியாயமானதே என்பது எமது கருத்து. ஆனால் அது எந்தத் திசையில் வழிந்தோடுமாறு செய்யப்படுகிறது என்பதே இங்கு நாம் எழுப்பும் கேள்வி.

கதை இதுதான். பெற்றோரின் அன்பை அறியாது, கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரின் ஆதரவில் வளர்ந்தவன் வினோத். கூர்ந்த அறிவுடையவன், ஆனால் மனிதரோடு பழகத் தெரியாதவன். பாதிரியாரின் வற்புறுத்தலால் சென்னையிலுள்ள கல்லூரியொன்றில் சேர்கிறான். அங்கே எல்லோராலும் ஒதுக்கப்படுகிறான். திவ்யா என்ற மாணவி மட்டும் அவனோடு நட்புக் கொள்கிறாள். அந்த நட்பை அவன் காதலாக வளர்த்துக்கொள்கிறான். அவளோ சக மாணவனான ஆதியைக் காதலிக்கிறாள். செய்தியறிந்த தந்தை அவளை வீட்டினுள் அடைத்துவைக்கிறார். பழைய உடைகள் கேட்டு வருபவன்போல் அவ்வீட்டுக்குள் நுழையும் வினோத், ஆதியிடம் சேர்ப்பதாகச் சொல்லி அவளை ஆந்திரத்துத் தடாப் பகுதிக் காட்டுக்குக் கொண்டுபோகிறான். அங்கே தன் இளமைக்காலத்தை அவளுக்குச் சொல்கிறான். அற்பக் கூலிக்கு உழைப்பிக்கப்பட்ட சிறுவர் கூட்டத்தில் அவனும் ஒருவன். எதிர்த்தெழுந்தபோது அவனுடைய தோழியான சிறுமி கெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். பின்னர் ஆதியும் பொலிசாரும் வந்து சேர, காட்டில் இரத்தம் சிந்தப்படுகிறது. இறுதியில் ஆண்கள் இருவரும் மலைச்சரிவில் தொங்க, திவ்யா இருவரையும் பற்றிக்கொண்டிருக்கிறாள். வினோதை விட்டுவிடு என்கிறான் ஆதி. அவளால் இயலவில்லை. வினோத் தானே விழுந்து மடிகிறான்.

முதலில் இப்படத்தின் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்ச் சினிமாவின் நாயகர் நெடுங்காலமாக ஏழை வேடத்திலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளாகவே காட்சியளித்தனர். கிழிந்த சட்டையும் அவர்கள்மேல் அலங்காரமாகவே இருந்தது. தனுஷின் மெலிந்த உடலும், குனிந்த நடையும், எதிரிலிருப்பவரை நேரே நோக்கத் தயங்கும் பார்வையும் அந்தப் பொய்யை உடைத்தன. பசியறிந்த உடலொன்று திரையின் நடுவே நாயகனாய் வந்து நின்றது. நகரத்துக் கல்லூரியில் நல்ல உடையும் ஆங்கிலப் பேச்சும் உடையோர் நடுவே அவன் கூசி ஒடுங்கும் காட்சிகளில், வகுப்பறையையும் வர்க்கம் பிரித்துவைத்திருக்கிறது என்ற உண்மையை எந்த வசனமும் இன்றியே உணர்கிறோம். கிராமத்திலிருந்தோ தோட்டத்திலிருந்தோ முதன்முதலாகப் பெருநகரக் கல்வி நிலையத்துக்குள் காலடி வைத்த மாணவர் எவரும் இக்காட்சிகளில் தம்மைக் காண்பர். இந்த யதார்த்தமே படத்தின் பலம்.

இப்படம் ஒரு மரபின் தொடர்ச்சி என்பதையும் நோக்க வேண்டும். 1980இல் வெளிவந்த ‘ஒருதலை ராக’த்தின் கல்லூரி மாணவன் காதலால் உருகி இறந்துபோகிறான். 1991இல் வந்த ‘இதய’த்தில் கிராமத்திலிருந்து மருத்துவம் படிக்க வந்த மாணவன், தன் காதலைச் சொல்ல வாயின்றி உள்ளேயே குமைகிறான். இவர்களெல்லாம் தம்மையே வருத்திக்கொண்டவர்கள். அதே 1991இல் வெளியான ‘குணா’வில் சித்தம் கலங்கிய நாயகன் தான் தெய்வமாக எண்ணும் பெண்ணைக் கடத்திச் சென்று குகையில் வைத்திருக்கிறான், அவளும் காலப்போக்கில் அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். 1993இல் வந்த ‘டர்’ என்ற இந்திப் படம், கல்லூரியில் உடன்படித்த பெண்ணை விடாது துரத்தும் ஒருவனைக் காட்டியது. பார்வையாளர் அவனை வெறுக்கவில்லை, அவனுக்கே இரங்கினர். ‘காதல் கொண்டேன்’ இவ்விரு வகைகளையும் ஒன்றாக்கியது. ஊமைக் காதலனின் ஏக்கமும் கடத்துபவனின் வன்முறையும் ஒரே உடலில் குடிபுகுந்தன. முன்னவனுக்காகச் சுரந்த இரக்கத்தைப் பின்னவன் தனதாக்கிக்கொண்டான்.

இவ்விடத்திலேதான் எமது கருத்து வேற்றுமை தொடங்குகிறது. வினோதுக்கு அநீதி இழைத்தவர் யார்? பிஞ்சு வயதில் அவனை உழைப்பித்து உண்டு கொழுத்தவர்கள். அதைக் கண்டும் காணாதிருந்த அதிகாரிகள். அவன் தோழியைக் கொன்றவர்கள். அவனை அருவருப்புடன் பார்த்த கல்லூரிச் சமூகம். இவர்கள் அவனுக்குப் பட்ட கடன் பெரிது. ஆனால் படம் அந்தக் கடன் பத்திரத்தை யாரிடம் நீட்டுகிறது? அவனோடு அன்பாகப் பேசிய ஒரே மனித உயிரிடம் நீட்டுகிறது! சமுதாயம் தர மறுத்த அனைத்தையும் திவ்யா தன் காதலால் ஈடுசெய்ய வேண்டுமாம். நட்பு என்பது வட்டிக்குக் கொடுத்த முதலா? இரக்கம் காட்டிய பெண், அந்த இரக்கத்துக்காகவே தண்டம் இறுக்க வேண்டுமெனில், நாளை எவள் இன்னோர் ஒதுக்கப்பட்டவனின் அருகில் வந்து அமர்வாள்?

சிறுவர் உழைப்பு கற்பனைக் கதையன்று. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியாவில் 5 முதல் 14 வயது வரையான உழைக்கும் சிறுவர் தொகை ஏறத்தாழ 1 கோடியே 26 இலட்சம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலும், சிறுவர் உழைப்பைத் தடைசெய்து ஒழுங்குபடுத்தும் சட்டம் 1986இலும் இயற்றப்பட்டிருந்தன. சட்டங்கள் இருந்தும் ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பள்ளியை இழந்து உழைத்தனர். இவ்வளவு பெரிய கொடுமையைத் தொட்ட கலைஞன் அதனைக் கதையின் நடுவே வைத்திருக்கலாம். ஆனால் இப்படத்தில் அது நாயகனின் நடத்தைக்கு விளக்கம் கூற வரும் நினைவுக் காட்சியாக மட்டுமே நிற்கிறது. கொடியவர் சிலர் தோன்றுகின்றனர், மறைகின்றனர். அவர்களை உருவாக்கும் பொருளாதாரம் எங்கும் தோன்றவில்லை. குழந்தைகளின் எதிர்ப்பு சில நிமிடக் காட்சியாகிறது. ஒருவனுடைய ஒருதலைக் காதலோ படம் முழுவதையும் நிறைக்கிறது.

அதனால் நிகழ்வது என்ன? சமூக நோய் தனிமனித நோயாக மாற்றப்படுகிறது. வினோத் மனநோயாளன் என்று பொலிசார் கூறும்போது, அவனது கோபத்தில் இருந்த நியாயமும் அந்தச் சொல்லுக்குள் புதைக்கப்படுகிறது. உழைப்பிக்கப்பட்டுச் சிதைந்த குழந்தைகள் வளர்ந்தால் கொலைஞராவர் என்ற அச்சத்தையும் அது பார்வையாளரிடம் விதைக்கிறது. ஒடுக்கப்பட்டவனுக்காக அழவைத்த படமே ஒடுக்கப்பட்டவனைக் கண்டு அஞ்சவும் வைக்கிறது. இறுதியில் அவன் தானே மடிந்துவிடுவதால் எல்லோருக்கும் நிம்மதி. கல்லூரி எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அரசும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நாமும் கண்களைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பலாம்.

திவ்யாவின் நிலையைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். தந்தை அவளை அறைக்குள் பூட்டுகிறார். வினோத் அவளைக் காட்டுக்குக் கொண்டுபோகிறான். முன்னவர் குடும்ப மானத்தின் பெயராலும் பின்னவன் காதலின் பெயராலும் செய்வது ஒன்றே: அவள் வாழ்க்கையை அவளைக் கேளாமல் முடிவுசெய்தல். பழைய நிலமானியக் கட்டுப்பாட்டை உடைத்து வெளியேறியவள் புதிய சிறையொன்றிலேதான் கால் வைக்கிறாள். படம் முதலாவது பூட்டைக் கொடுமையெனக் காட்டுகிறது. இரண்டாவது பூட்டைச் சோகக் காவியமாக்குகிறது. இரண்டும் ஒன்றே என்று கண்டுகொள்ளும் துணிவு நெறியாளருக்கு இருந்திருப்பின் தமிழில் ஓர் அரிய படம் கிடைத்திருக்கும்.

எனினும் இப்படத்தில் ஓர் உண்மை தப்பிப் பிழைத்திருக்கிறது. ‘குணா’வின் நாயகிபோல் திவ்யா தன்னைக் கடத்தியவனைக் காதலிக்கத் தொடங்கவில்லை. அவனுடைய கதை கேட்டு உருகுகிறாள். பொலிசார் அவனைப் பழிக்கும்போது அவனுக்காக வாதாடுகிறாள். ஆயினும் அவள் காதல் ஆதியிடமே இருக்கிறது. இரக்கம் வேறு, காதல் வேறு என்பதில் அவள் தெளிவாக இருக்கிறாள். மலைச்சரிவில் வினோதின் கையை விடமறுக்கும்போதும் அவளை இயக்குவது மனிதாபிமானமே. காதலித்தவன் ‘விட்டுவிடு’ என்று சொல்லியும் ஒரு மனித உயிரை அவள் விடவில்லை. எமது பார்வையில் இப்படத்தின் உண்மையான தலைமைப் பாத்திரம் இவளே. ஆனால் பார்வையாளரின் கைதட்டலும் கண்ணீரும் அவளுக்குக் கிடைக்கவில்லை, விழுபவனுக்கே கிடைக்கின்றன. அவளது துணிவைக் கண்டுகொள்ளாமல், அவனது தியாகத்தை மட்டும் போற்றி, இத்தனை அன்பை ஏற்க மறுத்தாளே என்று அவள்மீதே மனத்தாங்கல் கொண்டு அரங்கைவிட்டு வருவோர் பலர். பின்னணி இசையும் ஒளிப்பதிவும் அவன் பக்கமே நின்று அதற்குத் துணைபோகின்றன.

கலை வாழ்க்கையைக் காட்டுவது. அதனிடம் நீதிபோதனை கேட்கலாமா என்று நண்பர் சிலர் வினவுவர். நாம் கேட்பது நீதிபோதனையன்று. வினோதைப் போன்றவன் பிறக்கக்கூடும் என்பதை மறுக்கவுமில்லை. அவனை வில்லனாக்கித் தூக்கிலிட வேண்டும் என்றும் கூறவில்லை. காட்டுதல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. கடத்தப்பட்ட பெண்ணின் அச்சமும், அவள் இழந்த நம்பிக்கையும், பொய் சொல்லி அழைத்துவந்தவனோடு தனித்திருந்த நாள்களின் பொருளும் அவள் கண்வழியே காட்டப்பட்டிருந்தால், அதுவும் வாழ்க்கைதானே? பாதி வாழ்க்கையை மட்டும் காட்டுவதை யதார்த்தம் என்று நாம் ஏற்க முடியாது.

இது வெறும் அழகியல் விவாதமுமன்று. சென்னையில் கல்லூரி மாணவி ஒருத்தி ஆடவர் சிலரின் கேலிச் செயலால் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இத்தகைய துன்புறுத்தல்களைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998இல் தனிச் சட்டம் பிறந்தது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே இப்படம் வந்தது. 2012 நவம்பரில் காரைக்காலில், தன்னை விரும்பியவனை மணக்க மறுத்த இளம்பெண்ணின் முகத்தில் அமிலம் வீசப்பட்டது. 2013 பெப்ரவரியில் அவள் இறந்தாள். அதே 2013இல், பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. ஒரு படம் பார்த்து ஒருவன் கொலைஞனாகிவிடுவான் என்று நாம் சொல்லவரவில்லை. அவ்வாறு சொல்வது உண்மையான காரணங்களை மறைப்பதாகும். ஆனால் மறுப்பை அவமானமாகவும், அவமானத்தைப் பழிவாங்கும் உரிமையாகவும் எண்ணும் ஆண் மனம் ஏற்கெனவே எம் சமுதாயத்தில் இருக்கிறது. பெண்ணை உடைமையாகக் கருதும் சமுதாய அமைப்பே அதன் தாய். அந்த மனத்துக்கு இனிய இசையும் நியாயமும் வழங்கும் கலை, தான் பொறுப்பற்றது என்று கைகழுவிவிட முடியாது.

ஆகவே இத்தகைய படங்களைப் பார்க்காதே என்று மாணவரைத் தடுப்பதால் பயனில்லை. அவர்கள் பார்ப்பர், பார்க்கட்டும். பார்த்தபின் எம்மோடு அமர்ந்து விவாதிக்கட்டும். வினோதுக்காக அழும் மாணவனின் உள்ளத்தில் ஒதுக்கப்பட்டவன்மீது பரிவு இருக்கிறது. அதை ஏளனம் செய்யலாகாது. அந்தப் பரிவை உழைக்கும் குழந்தைகளின்பால், அவர்களைச் சுரண்டும் அமைப்பின்மீதான கோபத்தின்பால் திருப்புவதே எம் பணி. அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவி, அன்பாக ஒரு வார்த்தை பேசியதற்காக யாருக்கும் தான் கடன்பட்டவளல்லள் என்று அஞ்சாது கூறும் நிலை வரவேண்டும். அவளும் அவனும் தோழமையுடன் சேர்ந்து, கடனை உண்மையில் தீர்க்க வேண்டியவர்களின் வாயிலில் போய் நிற்கும் கதையை எழுதப்போகும் கலைஞன் யார்? அவனோ அவளோ இன்று எமது வகுப்பறையொன்றில் அமர்ந்திருக்கக்கூடும்.