கோணிய வட்டத்தின் அழகு

இறக்கும் நட்சத்திரம் உதறிய வாயு உறையான கோள்வடிவ நெபுலா என்றால் யாழ் மண்டலத்து வளைய நெபுலாவைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அது இளசு. நட்சத்திரம் நட்டநடுவே இருக்கிறது. எனக்கோ வயதேறிக் கோணிப்போனவற்றின் மேல்தான் கண்.

காசியோப்பியா மண்டலத்தின் ஷார்ப்லெஸ் 188 அப்படி ஒன்று. தென்கிழக்கே தடித்த, ஒளிமிக்க பிறை. உற்றுப் பார்த்தால் அது ஒற்றைப் பட்டையல்ல; மெல்லிய இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் சில இடங்களில் விலகியும் வளைந்து கிடக்கின்றன. எதிர்ப்பக்கம் வெறுமை போலத் தோன்றும். லா பால்மா தீவின் ஐசக் நியூட்டன் தொலைநோக்கி ஹைட்ரஜன் ஒளியில் ஆழமாகப் படமெடுத்த பிறகுதான் அங்கே மங்கிய மிச்ச வளையமும், அதற்கும் பின்னால் கலைந்து நீளும் வாலும் தெரியவந்தன.

பிறை ஏன் அந்தப் பக்கம்? நட்சத்திரம் அந்தத் திசையில்தான் ஓடுகிறது, வினாடிக்குச் சுமார் 125 கிலோமீட்டர் வேகத்தில். எதிரே இருக்கும் வாயுவோ கன சென்டிமீட்டருக்கு ஓர் அணு என்ற கணக்கில் அத்தனை நீர்த்தது. நம் ஆய்வகங்களின் வெற்றிடம்கூட அதைவிட நெரிசல்தான். ஆனாலும் அந்த வேகத்துக்கு அதுவே சுவர். மோதிய பக்கம் வாயு நெருங்குகிறது. அடர்த்தி இருமடங்கானால் ஒளி நான்கு மடங்காகும் என்பதால், சிறு நெருக்கமும் கண்ணைப் பறிக்கிறது.

2006-இல் வானியலாளர் வேரிங்கின் குழுவினர் இதைக் கணினியில் நிகழ்த்திப் பார்த்தார்கள். நட்சத்திரம் செம்பூதமாக மெல்லக் காற்றை உதறிய காலத்திலேயே முன்னால் ஒரு வில் அலை எழுந்துவிட்டது. பின்னால் பிறந்த நெபுலா விரிந்து வந்து அதையே தொட்டு ஒளிர்கிறது. நெபுலாவை விடவும் பழையது அந்த விளிம்பு! நான் மிகவும் ரசிப்பது இதைத்தான்.

நெபுலாவின் வாயு தடைபட்டுத் தயங்குகிறது. வெண்குறுமீனாகச் சுருங்கும் நட்சத்திரத்துக்கு அந்தத் தடை உறைப்பதே இல்லை. அது நடுவைவிட்டு நகர்ந்து விளிம்பை நெருங்குகிறது. சுமார் 400 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஷார்ப்லெஸ் 216-இலும் இதே கதை: நட்சத்திரம் கிழக்கே ஒதுங்கியிருக்கிறது, கிழக்கு விளிம்பே பளிச்சிடுகிறது. முழுநிலவைப்போல மூன்று மடங்கு அகலம் இருந்தும் மங்கலாக இருப்பதால், 1980களில்தான் அது கோள்வடிவ நெபுலா என்று தெரிந்தது.

188-இன் படம் இணையத்தில் கிடைக்கிறது. வடக்கு மேலே இருக்கும் படத்தில் பிறை இடது கீழ்ப்பக்கம் தெரியும். அதோடு நின்றுவிடாமல், வலது மேல்பக்கத்து மங்கலையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.