ஓவியரும் சித்திர வாத்தியாரும்

ஈழத்துத் தமிழ் ஓவியர் ஒருவர் மறைந்த பின்னர் அவரைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் ஒரு வாக்கியம் பெரும்பாலும் தவறாது இடம்பெறுகின்றது. அவர் சிறந்த ஓவியர் என்றும், சீவனோபாயத்திற்காகப் பாடசாலையிலே சித்திரம் கற்பித்தார் என்றும் அது கூறும். 'சீவனோபாயத்திற்காக' என்ற சொல்லிலே தொனிக்கும் கூச்சத்தை வாசகர் கவனித்திருப்பர். கவிஞர் ஒருவர் எழுதுவினைஞராக இருந்தமை பற்றியோ, நாவலாசிரியர் ஒருவர் தபாற் கந்தோரிலே வேலை செய்தமை பற்றியோ நாம் இவ்வாறு கூசுவதில்லை. ஓவியர் விடயத்தில் மட்டும் அவர் உழைத்துண்ட தொழில் அவருடைய கலைக்கு நேர்ந்த விபத்தாகக் காட்டப்படுகின்றது. எமது கலை விமர்சனத்தின் அடிப்படைக் கோளாறு ஒன்று இவ்வாக்கியத்திலே ஒளிந்திருக்கின்றது.

இந்நாட்டிலே தூரிகை பிடித்த தமிழனுக்கு வேறு எந்தக் கூலி இருந்தது? படம் வாங்கும் செல்வர் கூட்டம் இருக்கவில்லை. படம் விற்கும் கூடம் இருக்கவில்லை. கோயில் வாகனத்திற்கு வர்ணம் தீட்டலாம். நாடகத்திற்குத் திரைச்சீலை எழுதலாம். சினிமாக் கொட்டகைக்குப் பதாகை வரையலாம். மாதம் முடியச் சம்பளம் தந்த ஒரே வேலை சித்திர ஆசிரியர் வேலைதான். ஆகவே, அந்த வேலைக்கு ஒரு வாலிபன் எழுதும் விண்ணப்பம் அவனுடைய சொந்தப் பிழைப்பின் கதை மட்டுமன்று; எமது நவீன ஓவியத்தின் பொருளாதார அத்திவாரமே அதுவாகும்.

இப்பதவியின் பிறப்பு கலைத் தாகத்தினால் நிகழ்ந்ததன்று. 1851ஆம் ஆண்டின் இலண்டன் மாபெரும் கண்காட்சிக்குப் பின்னர், ஆங்கில முதலாளி வர்க்கம் தன் உற்பத்திப் பொருள்களின் வடிவமைப்புச் சீராக வேண்டுமென்று விரும்பியது. தென் கென்சிங்டன் கலைக்கல்வி முறை அவ்விருப்பத்தினால் வளர்க்கப்பட்டது. நேர்கோடு, வளைகோடு, கேத்திர கணிதம், அச்சுப் படத்தைப் பார்த்து வரைதல் என்ற ஏணி அது. கண்ணையும் கையையும் தொழிற்சாலைக்குப் பழக்குவதே அதன் நோக்கம். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் தொடக்கிய சென்னைக் கலைப் பள்ளியும் கைத்தொழிற் பயிற்சியையே பிரதானமாகக் கொண்டிருந்தது. குடியேற்ற நாட்டுப் பிள்ளை பூச்சாடியைப் பிரதி செய்யக் கற்றது. அதைக் கற்பித்தவர் 'ட்ரோயிங் மாஸ்டர்' எனப்பட்டார். அப்பெயரிலே இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் இளக்காரம் அன்று பிறந்தது.

இலங்கையில் அவ்வேணியை அசைத்தவருள் முதன்மையானவர், 1920களிலே கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக விளங்கிய சி. எஃப். வின்சர். பிரதி செய்தலை விடுத்து, பிள்ளை தான் கண்டதையும் எண்ணியதையும் வரையவேண்டுமென்று அவர் ஆசிரியர்களை ஊக்கினார். வியன்னாவிலே பிரான்ஸ் சீசெக் 1897 முதல் நடத்திய சிறுவர் வகுப்பின் கருத்துகள் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் நிறுவிய ஓவியக் கழகம் வின்சரின் பெயரையே தாங்கியது. திணைக்கள அதிகாரி ஒருவரின் பெயரைக் கலைக் கழகத்திற்கு இட்டமையை அடிமை மனப்பான்மை என்று கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அக்கழகத்திலே கூடியவருட் பலர் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். தங்களை வெறும் 'மாஸ்டர்' என்று மதியாது, கண் படைத்த மனிதராக மதித்தவரின் பெயரை அவர்கள் வைத்தார்கள், அவ்வளவே.

1943இல் கொழும்பிலே தோன்றிய '43 குழு'வின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது, எழுதப்பட வேண்டியதுந்தான். ஆயின் அவ்வரலாற்றிலே வருமானம் பற்றிய பேச்சு அருகியே காணப்படுகின்றது. லயனல் வெண்ட், ஜஸ்டின் தரணியகலை, ஹரி பீரிஸ் ஆகியோர் வசதியுள்ள குடும்பங்களில் உதித்தவர்கள். ஓப்ரி கொலட் றோயல் கல்லூரியிலே சித்திரம் கற்பித்தார். ரிச்சர்ட் கேப்ரியலும் ஆசிரியரே. ஒரே குழுவில், ஒரே கண்காட்சியில் இடம்பெற்ற இவர்களுள் முன்னவர்களுக்கு நாள் முழுதும் இருந்தது. பின்னவர்களுக்குப் பாடசாலை மணி அடித்த பின்னுள்ள பொழுது மட்டுமே இருந்தது. ஒரு படத்தின் அளவு, அதற்குச் செலவான காலம், அது முடிக்கப்பட்ட விதம் ஆகியவற்றை ஆராயும் விமர்சகர் இதனை எங்ஙனம் ஒதுக்க முடியும்?

அ. மாற்குவை இவ்வாறு நோக்கும்போதுதான் அவர் எமக்கு முழுமையாக விளங்குகின்றார். 1933இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிற் பிறந்தவர். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிலே, டேவிட் பெயின்டர் அதிபராயிருந்த காலத்திற் பயின்றவர். பின்னர் ஆசிரியராகவே வாழ்ந்தவர். ஐம்பதுகளின் இறுதியில் அவர் முன்னின்று நடத்திய அமைப்பிற்கு 'விடுமுறைக்கால ஓவியர் கழகம்' என்று பெயர். அப்பெயரை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். விடுமுறை வந்தால்தான் ஓவியர். மற்ற நாளெல்லாம் ஆசிரியர். இதைவிடச் சுருக்கமாக ஒரு தலைமுறையின் உழைப்பு நிலையை எந்தச் சமூகவியலாளரும் எழுதிவிட முடியாது.

மாற்கு ஒரே பாணியில் நிற்கவில்லை. மனப்பதிவு முறை, கன வடிவ முறை, உணர்ச்சி வெளிப்பாட்டு முறை என்று மாறி மாறிச் சென்றார். தனித்துவமின்மை என்று இதனைக் குறை கூறல் எளிது. எமது நோக்கில் இது கற்பிக்கும் மனத்தின் இயல்பாகும். பெருங் காட்சிச் சாலைகள் இல்லாத ஊரிலே, மூலப் படங்களைக் காணாத மாணவருக்கு உலக ஓவியத்தின் மொழிகளைத் தன் கையாலேயே பேசிக் காட்டவேண்டிய நிலையில் அவர் இருந்தார். அவருடைய வீட்டு வகுப்புகளில் பயின்ற இளைஞரும் யுவதிகளுமே எண்பதுகளின் பின்னர் புதிய தலைமுறையாயினர். 1987இல் அவரைக் கௌரவித்து வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல் அந்த உறவிலே விளைந்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது தம் படைப்புகளுட் பெரும்பகுதியை அவர் இழந்தார், 2000இல் மறைந்தார். படங்கள் போயின, அவர் பழக்கிய கைகள் எஞ்சின. எதை அவருடைய 'படைப்பு' என்று கணக்கிடுவது?

இனி இன்றைய விண்ணப்பத்திற்கு வருவோம். கொழும்பின் வட அந்தத்திலே, களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கும், அடுத்துள்ள கொட்டாஞ்சேனையிலும் தூரிகையால் வாழ்ந்தோர் பலர். பழைய சோனகத் தெருக் கடைகளின் பெயர்ப்பலகை, லொறியின் பின்பலகை, தேவாலயத் திருவிழாச் சோடனை ஆகியவை அவர்கள் கையால் ஆயின. பிளெக்ஸ் அச்சு வந்தபின் அக்கூலி அற்றுப்போயிற்று. அத்தகைய வீட்டிலே பிறந்து, கை பழகிய ஒருவன் சித்திர ஆசிரியனாக விரும்பினால், அரசாங்கப் பாடசாலைக்குக் கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவோ பல்கலைக்கழகப் பட்டமோ வேண்டும். அது நியாயமே, தகுதியற்றவரிடம் ஏழைப் பிள்ளைகளை ஒப்படைக்கும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் சான்றிதழ்ப் பிரதிகளைக் கட்டுக்கட்டாகக் கோரும் படிவம் ஒரு படத்தையாவது கோருவதில்லை. தனியார் பாடசாலை நேர்முகப் பரீட்சையிலோ, பரிசளிப்பு விழாவுக்கு மேடை சோடிக்க முடியுமா, விளையாட்டுப் போட்டிக்குப் பதாகை எழுத முடியுமா என்பவையே முதற் கேள்விகளாக வருகின்றன. (வெள்ளவத்தையிலே மகளின் அரங்கேற்றத்திற்கு இலட்சங்களைச் செலவிடும் பெற்றோர், அவளுக்கு ஒரு நல்ல வர்ணப் பெட்டி வாங்கத் தயங்குவதையும் இத்துடன் சேர்த்தெண்ணுக.)

கடலுக்கு அப்பால் நிலைமை மேலானதென்று யாரும் மயங்கவேண்டாம். தமிழ்நாட்டிலே 2012இல் சித்திரம், உடற்பயிற்சி, தையல் முதலியவற்றிற்காக 16,549 பகுதிநேர ஆசிரியர் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரை நாள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். 2021இல் அது 10,000 ஆயிற்று. அரை நாள் ஆசிரியரிடமிருந்து முழுக் கலையை எதிர்பார்க்கும் அரசுகள் இரு கரையிலும் உள்ளன.

விண்ணப்பதாரரை எவ்வாறு அளப்பது என்று கேட்கலாம். எமக்கு ஒரு வழி தோன்றுகின்றது. அவருடைய படங்கள் சிலவற்றையும், அவரிடம் பயின்ற பிள்ளைகளின் படங்கள் சிலவற்றையும், பிள்ளையின் வயதும் திகதியும் குறித்து, அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். பிள்ளைகளின் படங்கள் ஆசிரியரின் படத்தைப் போலவே இருந்தால் அவர் தோற்றார். பிள்ளைகளின் படங்கள் ஒன்றையொன்று போலிருந்தால் அவர் மிகவும் தோற்றார். புதிய விண்ணப்பதாரராயின், ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு விட்டுப் பார்க்கலாம்.

ஏனெனில், எம் வகுப்பறைகளிலே வழங்கிவரும் அந்த நித்தியக் காட்சியை எல்லோரும் அறிவோம்: இரண்டு முக்கோண மலை, நடுவே அரைச் சூரியன், கீழிறங்கும் ஆறு, கரையில் ஓட்டு வீடு, சாய்ந்த தென்னை. முகத்துவாரத்துப் பிள்ளையும் இதைத்தான் வரைகின்றது. அது வாழ்வது ஒற்றையறை வீடுகள் நெருங்கிய 'தோட்டத்'திலே; கொழும்பில் இச்சொல்லுக்கும் மரஞ்செடிக்கும் தொடர்பில்லை. வாசலைத் தாண்டினால் மீன்பிடித் துறைமுகம், வலை உலர்த்தும் மணல், காளி கோவிற் கோபுரம், தெற்கே துறைமுகத்தின் இராட்சதப் பாரந்தூக்கிகள். மலையை அது கண்டதில்லை. ஆனால் மலையை வரைந்தாற் புள்ளி கிடைக்கும் என்று கண்டிருக்கின்றது. பாரந்தூக்கியையும், அதன் கீழே இரவுமுறை வேலை செய்யும் தகப்பனையும் வரையலாம் என்று அப்பிள்ளைக்குத் துணிவு தருபவரே சித்திர ஆசிரியர். அத்துணிவை ஊட்டுதல் கலைத்தொழில் அன்று, பிழைப்பு மட்டுமே என்று எழுதும் விமர்சகர், யதார்த்தவாதத்தைப் பற்றி எமக்குப் பாடம் நடத்த வருதல் வேடிக்கை.

எமது பல்கலைக்கழகங்களிலே நுண்கலை பயிலும் மாணவர் சிலரேனும் இத்துறையில் இறங்கவேண்டும். பழைய பாடசாலைகளின் அலுமாரிகளிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பரண்களிலும் மாணவர் படங்கள் இன்னும் சிற்சில கிடத்தல் கூடும். வின்சர் கழகத்தவரின் பாடக் குறிப்புகள், ஆண்டிறுதிக் கண்காட்சிகளின் புகைப்படங்கள், பரிசோதகர் அறிக்கைகள், வேலைக்கெழுதிய பழைய விண்ணப்பங்களின் பிரதிகள் ஆகியனவும் தேடப்படவேண்டும். போரும் கறையானும் விட்டுவைத்தவற்றை இப்போதே தொகுத்தல் வேண்டும். ஆசிரியரின் படமும் அவருடைய மாணவரின் படமும் ஒரே சுவரில் மாட்டப்படும் கண்காட்சி ஒன்று கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நடக்குமாயின், அதற்கு முதலில் எழுதப்படும் மதிப்புரை இவ்விதழிலே வெளிவரும்.