மெக்கையின் வெப்பக் கணக்கில் விடுபட்ட ஈரம்

படித்தது மெக்கானிக்கல் பி.ஈ., சோறு போடுவது சாஃப்ட்வேர். அதனால் டேவிட் மெக்கை எனக்கு முதலில் அறிமுகமானது தகவல் கோட்பாடு பற்றி அவர் 2003ல் வெளியிட்ட பாடப்புத்தகம் வழியாகத்தான். அதே ஆள் 2008 கடைசியில் எரிசக்தி பற்றி 'சஸ்டெய்னபிள் எனர்ஜி – வித்தவுட் த ஹாட் ஏர்' என்று ஒரு புத்தகம் போட்டார், இணையத்தில் இலவசமாகவும் விட்டார். அடுத்த வருடமே பிரிட்டிஷ் எரிசக்தித் துறை அவரைத் தலைமை அறிவியல் ஆலோசகராக எடுத்துக்கொண்டது. 2016ல், 48 வயதில், காலமானார்.

அந்தப் புத்தகத்தை அப்போதே படித்துவிட்டு 'அருமை' என்று மூடி வைத்தவன் நான். போன குளிர்காலத்தில் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. காரணம், ரெடிங்கில் நாங்கள் வாங்கியிருக்கும் 1890களின் வரிசை வீடு. பின்பக்க படுக்கையறையில் முந்தைய உரிமையாளர் சுவரின் உட்புறம் ஃபோம் ஒட்டிய பலகை அடித்திருக்கிறார். மூலையில் கருப்பாகப் பூசணம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அந்த அறையில்தான் படுத்தார், இரண்டாவது வாரமே இருமல். அதைக் காட்டி விலை கேட்கப்போனால், வந்த கம்பெனிக்காரர் "மீதிச் சுவர் எல்லாத்துக்கும் இதே பலகையைப் போட்டுடலாம், 9,000 பவுண்ட்" என்றார். கூடவே ஒரு தாளில் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்ததும்தான் எனக்கு மெக்கை ஞாபகம் வந்தார். அது அவருடைய சமன்பாடேதான்!

வீட்டைச் சூடாக்கும் அத்தியாயத்தில் மெக்கை எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்குகிறார். செலவாகும் ஆற்றல் என்பது, வீட்டின் ஒழுகலை உள்ளே வெளியே உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, ஹீட்டிங் கருவியின் திறனால் வகுத்தால் வருவது. ஆக, திருகுவதற்கு மூன்று குமிழ்கள். தெர்மோஸ்டாட்டைக் குறை, ஒழுகலை அடை, நல்ல கருவியாகப் போடு. ஹீட் பம்ப்பா, பாய்லரா, இன்சுலேஷனா என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்த விவாதத்தை ஒரு பின்னமாக மாற்றியது பெரிய காரியம். அதைவிடப் பெரிய காரியம், தன் சொந்த வீட்டு கேஸ் மீட்டரை வரைபடமாகப் போட்டது. நாளுக்கு 50 கிலோவாட் மணி எரித்த கேம்பிரிட்ஜ் வீடு அது. 2004ல் பாய்லரை மாற்றியதும் 32 ஆனது. 2007ல் சுவர் இடைவெளியை நிரப்பி, லாஃப்ட்டைக் கவனித்து, கதவுகளைச் சரிசெய்து, தெர்மோஸ்டாட்டைக் கட்டுப்படுத்திய பிறகு 13. எவர் வீட்டிலும் நடக்கக்கூடியது என்று படிப்பவரை நம்பவைக்கும் எண்கள் இவை.

எவர் வீட்டிலும் நடக்குமா? இங்கேதான் எனக்கும் அவருக்கும் தகராறு.

'சுவர் இடைவெளி' என்றதைக் கவனியுங்கள். அவருடைய வீடு இரட்டைச் சுவர் வீடு. இரண்டு செங்கல் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம், அதற்குள் பஞ்சையோ மணிகளையோ ஊதி நிரப்பலாம். இது பொதுவாக 1920களுக்குப் பிந்தைய பழக்கம். அதற்கு முந்தைய வீடுகள் நம்மூர் கொத்தனார் சொல்கிற அதே 9 இன்ச் சுவர்தான். வாசலில் நின்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். செங்கலின் நீளப்பக்கமும் குட்டைப்பக்கமும் ஒரே வரிசையில் மாறி மாறித் தெரிந்தால் அது திடச்சுவர், குட்டைக் கல் சுவரின் முழுத் தடிமனுக்கும் குறுக்கே போகிறது. பிரிட்டனில் இப்படி 80 லட்சம் வீடுகள் அளவில் இருக்கின்றன. இவற்றுக்கு மெக்கையின் இரண்டாவது குமிழ் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

முதலில் எண்ணே தப்பு. கம்பெனித் தாளில் என் சுவரின் யு மதிப்பு 2.1 என்று போட்டிருந்தார்கள். ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 2.1 வாட் ஒழுகும் என்று அர்த்தம். வீடுகளுக்கு எரிசக்திச் சான்றிதழ் தரும் அரசாங்கக் கணக்குமுறை நெடுங்காலம் வைத்திருந்த எண்தான் அது. பிறகு நிஜச் சுவர்களில் கருவி பொருத்தி அளந்து பார்த்தபோது, பழைய செங்கல் சுவர் அவ்வளவு மோசமில்லை என்று தெரிந்தது. 2017ல் அந்த எண்ணை 1.7 ஆகத் திருத்தினார்கள்.

என் வீட்டுக்கு வெளிச்சுவர் 40 சதுர மீட்டர் இருக்கும். பலகை அடித்து 0.3க்குக் கொண்டுவந்தால், 2.1லிருந்து இறங்கும்போது டிகிரிக்கு 72 வாட் மிச்சம். 1.7லிருந்து என்றால் 56தான். வருடத்துக்கு 2,000 டிகிரி நாள், 90 சதவீதத் திறனுள்ள பாய்லர், கேஸ் யூனிட்டுக்கு 6 பென்ஸ் என்று வைத்துப் போட்டால், கம்பெனி கணக்கில் வருடம் 230 பவுண்ட் மிச்சம், திருத்திய கணக்கில் 180. ஒன்பதாயிரத்தை எடுக்க முதல் கணக்கில் 39 வருடம், இரண்டாவதில் 50 வருடம். எனக்கு இப்போது 44 வயது. சரி, விடுங்க.

காசு போனால் போகிறது, சுவர் போகக்கூடாது. மெக்கையின் சமன்பாட்டில் தண்ணீருக்கு ஒரு எழுத்துகூட இல்லை. வெப்பம் மட்டுமே ஒழுகும் உலகம் அது. என் வீட்டு அறையில் 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். வெளியே 0 டிகிரி இருக்கும் இரவில், வெறும் செங்கல் சுவரின் உட்பரப்பு 15.6 டிகிரியில் நிற்கிறது, தப்பித்தது. அதன்மேல் பலகை அடித்தால் பலகையின் முகம் கதகதப்பாகிவிடும். பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட செங்கலோ 3 டிகிரிக்கும் கீழே போய்விடும். பலகை இடுக்கு, பிளக் ஓட்டை, தளத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து என்று ஏதாவது ஒரு வழியில் அறைக்காற்று அங்கே போனால் நேராகத் தண்ணீர்தான். பழைய வீடுகளில் மாடித் தரையைத் தாங்கும் உத்தரக்கட்டைகளின் முனைகள் அந்தச் செங்கலுக்குள்தான் செருகியிருக்கின்றன. கட்டை உளுத்துப்போவது கண்ணுக்கும் தெரியாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தைக் குடித்து இரண்டு பக்கமும் விட்டுவிட்டு வாழ்ந்தது. ஒரு பக்கத்தை ஃபோமால் அடைத்தால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. வெளியேயும் சிமெண்ட் பூசியிருந்தால் கேட்கவே வேண்டாம், ஓதம் அடித்தே தீரும்.

இதெல்லாம் தியரி இல்லை. பிரஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில், 2013 வாக்கில் 300க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளிப்புற இன்சுலேஷன் போட்டு, மழைநீர் உள்ளே இறங்கி, பூசணமும் ஓதமுமாக மக்கள் வருடக்கணக்கில் அவதிப்பட்டார்கள். 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் அண்மை அரசுத் திட்டங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் மோசம். வெளிப்புறச் சுவர் இன்சுலேஷன் போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தாக வேண்டிய பெரிய குறைகள், உட்புறம் போட்டவற்றில் 29 சதவீதம். சாஃப்ட்வேரில் இப்படி ஒரு ரிலீஸ் போனால் அன்று இரவே ரோல்பேக். சுவருக்கு ரோல்பேக் கிடையாது.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் குமிழான தெர்மோஸ்டாட்டில் மெக்கை காட்டும் உற்சாகம் திடமான நடுவயது ஆளின் உற்சாகம். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள், குமிழைத் திருகு என்கிறார். எங்கள் அம்மாவோ 21 டிகிரியில் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்திருப்பவர். உலக சுகாதார நிறுவனம் 2018ல் குளிர்காலத்துக்கு 18 டிகிரியைக் குறைந்தபட்சமாகச் சொன்னது, வயதானவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படலாம் என்றது. போதாததற்கு, அறையைக் குளிரவிட்டால் சுவர்ப்பரப்பும் குளிரும், அதே பூசணக் கதை. மூன்று குமிழ்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல அவர் எழுதிவிட்டார். பழைய வீட்டில் ஒன்றைத் திருகினால் இன்னொன்று நகர்கிறது.

புதிதாகத் தானே வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. வெற்றுத் தாளில் எழுதுகிறார்கள். ஜெர்மானியரின் பாஸிவ்ஹவுஸ் தரம் சதுர மீட்டருக்கு வருடம் 15 கிலோவாட் மணி ஹீட்டிங் போதும் என்கிறது. ஆனால் அதே தரம் காற்றுக்கசிவுக்கும் அளவு வைக்கிறது, வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவியையும் சேர்த்தே யோசிக்கிறது. அங்கே ஈரம் கணக்குக்குள் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு வந்து வாய்த்ததோ நூற்று முப்பது வருடத்து லெகஸி கோட், டாக்குமெண்டேஷன் கிடையாது.

மூன்றாவது குமிழில் அவர் சொன்னது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஹீட் பம்ப்புக்கு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3, 4 யூனிட் வெப்பம் என்று பேசினார். பிற்பாடு 742 வீடுகளில் அரசு பொருத்திப் பார்த்த சோதனையில் காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவை நடுமதிப்பாக 2.8 பக்கம் தந்தன. கொஞ்சம் குறைவுதான். ஆனால் விக்டோரிய வரிசை வீடுகளிலும் வேலை செய்தன. 'முதலில் சுவர் முழுக்க மூடு, அப்புறம்தான் ஹீட் பம்ப்' என்ற மந்திரத்துக்கு இது நல்ல பதில்.

நான் கடைசியில் செய்தது: அந்த 9,000 பவுண்ட் வேலையை வேண்டாம் என்றேன். லாஃப்ட்டில் கம்பளியை 270 மில்லிமீட்டர் ஆக்கினேன். மரத்தரையின் அடியிலிருந்து வரும் காற்றை அடைத்தேன், தரைக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளை மட்டும் தொடவில்லை, கட்டைகள் அதை நம்பித்தான் இருக்கின்றன. பாய்லர் தண்ணீரை 70லிருந்து 50 டிகிரிக்கு இறக்கினேன். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் பாய்லர் பெயருக்கேற்ற வேலை செய்யும், இதற்குச் செலவு பூஜ்யம். சமையலறையில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு குடும்பம் மூச்சு, குளியல், சமையல், துணி என்று நாளுக்கு 10 லிட்டர் வரை நீராவி விடுகிறதாம். இட்லிக் கொப்பரையை அந்தக் கணக்கில் எவரும் சேர்த்திருக்க மாட்டார்கள். மெக்கை பாணியில் சொன்னால் நாளுக்கு 41லிருந்து 29க்கு வந்திருக்கிறேன். அவருடைய 13 என் வீட்டுக்குக் கனவு.

அவரை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது சமன்பாட்டை அல்ல, வாராவாரம் மீட்டர் படிக்கும் பழக்கத்தை. அதனோடு நான் சேர்த்தது பத்துப் பவுண்ட் ஈரமானிகள் மூன்று.

பின்னறைப் பலகையை மே மாதம் பிரிக்கப்போகிறேன். உத்தரக்கட்டை நன்றாக இருந்தால் அங்கே 40 மில்லிமீட்டர் மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும், இரண்டும் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். கட்டையில் கத்தி இறங்கினால் கதை வேறு. இரண்டில் எதுவானாலும் படத்தோடு இங்கே போடுகிறேன். அம்மா இப்போதைக்கு முன்னறையில்.