புழுதியில் இருந்த உண்மை: வில்லியம் எஸ். ஹார்ட்டின் வெஸ்டர்ன் படங்கள்

1913-ஆம் ஆண்டு. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மேடை நடிகர், நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிவரும் வழியில், கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு திரையரங்குக்குள் நுழைகிறார். கௌபாய் படம் ஒன்று ஓடுகிறது. பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் பொறுக்கவில்லை. உடுத்தியிருக்கும் விதம், குதிரையேறும் விதம், ஊரின் அமைப்பு எதுவுமே அவர் சிறுவயதில் அறிந்த அமெரிக்க மேற்கைப்போல் இல்லை. அதைவிட வருத்தம், சுற்றி இருந்தவர்கள் அதை உண்மையென்றே நம்பி ரசித்தார்கள் என்பது. மேற்கை உள்ளபடி காட்டும் படங்களை எடுத்தே தீருவது என்ற முடிவோடு அவர் வெளியே வந்தார். 1929-இல் வெளியான தம் சுயசரிதையில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். அவர் வில்லியம் எஸ். ஹார்ட்.

1914 முதல் 1925 வரை பதினோரு ஆண்டுகள் ஹார்ட் அந்த வைராக்கியத்தோடு உழைத்தார். ஹாலிவுட்டின் முதல் பெரும் நட்சத்திரங்களில் ஒருவராக உயர்ந்தார்; அதே வைராக்கியத்தாலேயே சந்தையை இழந்து ஒதுங்கினார். அவர் கைக்கொண்ட ‘உண்மை’ எப்படிப்பட்டது, அது எதைச் சாதித்தது, எங்கே கண்ணை மூடிக்கொண்டது என்பதை நிதானமாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால், ‘உள்ளது உள்ளபடி’ என்று உரிமை கொண்டாடும் எந்தக் கலைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

ஹார்ட் 1864-இல் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் நகரில் பிறந்தார். தந்தை மாவு மில்களில் வேலை பார்த்தவர். பிழைப்புக்காகக் குடும்பம் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்ததால், ஹார்ட்டின் இளமை மின்னசோட்டா, டகோட்டா பகுதிகளில் கழிந்தது. சூ என்ற பூர்வகுடி இனத்துப் பிள்ளைகளோடு விளையாடினார். அவர்கள் மொழியில் ஓரளவும் கைச்சாடை மொழியும் கற்றார். பிறகு கிழக்கே திரும்பிய குடும்பத்தோடு அவரும் திரும்பி, நாடக மேடைக்குப் போனார். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார். 1899-இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘பென்-ஹர்’ நாடகத்தில் மெஸ்ஸாலா பாத்திரம் அவருடையது. மேடையில் உண்மைக் குதிரைகளை உருளும் பாதையில் ஓடவிட்டு ரதப் போட்டியைக் காட்டிய நாடகம் அது. 1905-இல் ‘தி ஸ்குவா மேன்’ நாடகத்தில் கௌபாய் வில்லன், அடுத்து ‘தி வர்ஜீனியன்’ நாடகத்தில் நாயகன் என்று மேற்கத்திய வேடங்கள் அவரைத் தேடி வந்தன. ஆக, திரைக்கு வரும்போது அவரிடம் இரண்டு முதல்கள் இருந்தன: சிறுவயதில் கண்ட சமவெளி ஒன்று, கால் நூற்றாண்டு மேடைப் பயிற்சி மற்றொன்று. அவர் உரக்கச் சொல்லிக்கொண்டது முதலாவதைப் பற்றி. அவர் படங்களைத் தாங்கி நின்றது பெரும்பாலும் இரண்டாவது.

கலிபோர்னியாவில் அவருடைய பழைய நாடக நண்பர் தாமஸ் இன்ஸ் படப்பிடிப்பு நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். சாண்டா மோனிக்காவுக்கு வடக்கே, கடலோரப் பள்ளத்தாக்கில் பரந்து கிடந்த அந்த இடத்துக்கு ‘இன்ஸ்வில்’ என்று பெயர். வெஸ்டர்ன் படங்கள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன, இனி அவை போணியாகாது என்று இன்ஸ் எச்சரித்தார். ஹார்ட் பின்வாங்கவில்லை. 1914-இல் வந்த ‘தி பார்கெயின்’ படத்திலேயே அவர் பெயர் ஊன்றிவிட்டது.

முதலில் அவருடைய சாதனைகளைச் சொல்ல வேண்டும்.

ஹார்ட்டின் படங்களில் புழுதி இருக்கிறது. கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் அந்தக் காலத்துப் பிற கௌபாய் படங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். அவர் காட்டும் ஊரில் தெரு என்பது குண்டும் குழியுமான மண். கடைகள் மரப்பலகையை அடித்து நிறுத்தியவை. சட்டைகள் பலநாள் உடுத்திக் கசங்கியவை. குதிரையில் வந்து இறங்குகிறவன் களைத்திருக்கிறான். பொருள்களை மதிக்கும் இந்தக் கண்ணுக்குத் துணையாக ஜோசப் ஆகஸ்ட் என்ற ஒளிப்பதிவாளர் கிடைத்தார். பிற்காலத்தில் இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களுக்கு ஒளியமைத்தவர் அவர்தான்.

இரண்டாவது, நடிப்பில் அடக்கம். மௌனப்பட நடிப்பு என்றால் கைகளை வீசுவதும் கண்களை உருட்டுவதும்தான் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஹார்ட்டின் முகம் நீண்டு, எலும்பெடுத்து, இறுகியிருக்கும். அதைக் காமிராவின் முன் அசைக்காமல் நிறுத்தி, கண்களால் மட்டும் ஒரு முடிவு பிறப்பதைக் காட்டுவார். மேடையில் பழகியவர் மேடைக்கு எதிரான இந்தச் சிக்கனத்தைக் கண்டுகொண்டது வியப்புக்குரியது. பிரான்ஸில் ரசிகர்கள் அவரை ‘ரியோ ஜிம்’ என்றழைத்தார்கள். லூயி டெலுக் போன்ற விமர்சகர்கள் அவரைப் பெருங்கலைஞராகவே கொண்டாடினார்கள்.

மூன்றாவதும் முதன்மையானதும், வெஸ்டர்ன் படத்துக்கு அவர் தந்த அறக் கனம். ஹார்ட்டின் நாயகன் பெரும்பாலும் கொள்ளையன், சூதாடி, துப்பாக்கிக்காரன். கதையின் ஓட்டத்தில் அவன் மனம் திரும்புகிறான். நல்ல கெட்டவன் என்ற இந்த உருவத்தைக் கண்டுபிடித்தவர் ஹார்ட் என்பது சரியல்ல. ‘பிராங்கோ பில்லி’ ஆண்டர்சன் அவருக்கு முன்பே தம் குறும்படங்களில் இதைச் செய்துவிட்டார். ஆண்டர்சனிடம் அது ஒரு கதைத் திருப்பம். ஹார்ட் அதை ஒரு மனிதனின் உள்போராட்டமாக ஆழப்படுத்தினார்.

1916-இல் வந்த ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ இதற்குச் சிறந்த சான்று. சட்டமற்ற ஓர் ஊர். அங்கே தங்கையோடு வந்து சேர்கிறார் ஓர் இளம் பாதிரியார். அவரை விரட்டக் காத்திருப்பவன் பிளேஸ் டிரேசி என்ற துப்பாக்கிக்காரன். ஹார்ட்டின் வேடம் அது. பாதிரியாரின் தங்கையைப் பார்த்ததும் அவன் மனம் அசைகிறது. வழக்கமான கதையென்றால் பாதிரியார் ஊரைத் திருத்தியிருப்பார். இங்கோ பாதிரியார்தான் முதலில் விழுகிறார். மதுவுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஆட்பட்டு, தம் தேவாலயத்தைக் கொளுத்த வரும் கும்பலிலேயே சேர்ந்து, மோதலில் உயிரிழக்கிறார். நம்பிக்கையைக் கற்பிக்க வந்தவர் அதை இழக்க, கேலி செய்தவன் அதைப் பெறுகிறான். பிறகு டிரேசி தனி ஆளாக மதுவிடுதிக்குள் நுழைந்து, விளக்குகளைச் சுட்டு வீழ்த்தி, ஊரையே தீக்கு இரையாக்குகிறான். கறுத்த புகைக்கும் சுவாலைக்கும் நடுவே அந்த நெட்டை உருவம் அசையாமல் நிற்கும் காட்சி ஒரு நூற்றாண்டு கழித்தும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. திருந்தியவன் சாந்தமாகவில்லை, பயங்கரமாகிறான். 1973-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் எடுத்த ‘ஹை பிளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ படத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஊர் எரியும்போது, இந்தத் தீயின் வெப்பம் அங்கே தெரிகிறது. அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ 1994-இலேயே இடம்பெற்றது.

இனி மறுதட்டைப் பார்ப்போம்.

இதே படத்திலேயே குறை தொடங்குகிறது. மதுவிடுதி நடத்தும் வில்லனை அறிமுகம் செய்யும் எழுத்தட்டை, அவனுடைய நயவஞ்சகத்தை மெக்சிகோக்காரர்களின் குணமென்று சொல்லி விளக்குகிறது. அதே ஆண்டு வந்த ‘தி ஆரியன்’ இன்னும் வெளிப்படையானது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணால் ஏமாற்றப்பட்ட சுரங்கக்காரன், தன் இனத்தையே வெறுத்து, மெக்சிகோக்காரர்களும் பூர்வகுடிகளும் அடங்கிய கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகிறான். பாலையில் தவிக்கும் வெள்ளையர் கூட்டத்துக்கு உதவ மறுக்கிறான். ஓர் இளம்பெண் அவன் இனத்தின் மானத்தை நினைவூட்டியதும் மனம் மாறுகிறான். அதாவது, அவனுடைய அறம் விழிப்பது மனிதன் என்பதால் அல்ல, வெள்ளையன் என்பதால். அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோக முடியாது. உண்மையைக் காட்டுவேன் என்று சூளுரைத்து வந்தவரை அந்த உண்மையைக் கொண்டுதான் அளக்க வேண்டும். கயிற்றுச் சுருக்கு வீசுவதும், மந்தை ஓட்டுவதும், கௌபாயின் சேணமும் சொற்களும் மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து வந்தவை. கௌபாய்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரரும் கணிசமாக இருந்தார்கள். தொழிலின் கருவிகளை அவ்வளவு நுட்பமாகக் காட்டிய ஹார்ட், அந்தத் தொழிலைச் செய்த மனிதர்களை நாயகர்களாகக் காட்டவில்லை.

பெண்கள் விஷயத்திலும் இதே குறைதான். ஹார்ட்டின் உலகத்தில் பெண்கள் இரண்டு வகை. ஒருத்தி தூய்மையின் உருவம்; அவள் ஒருமுறை பார்த்தாலே கொள்ளையன் திருந்திவிடுவான். மற்றவள் மதுவிடுதியில் காத்திருக்கும் சபலம். இரண்டு பேருக்குமே தங்களுக்கென்று ஒரு மனம் இல்லை. நாயகனின் மனத்தராசில் வைக்கும் எடைக்கற்களாகவே இருக்கிறார்கள். சட்டையின் கசங்கலைக் கவனித்த கண், குடியேற்ற வாழ்வில் விறகு வெட்டி, பிள்ளை பெற்று, நிலம் உழுத பெண்ணைக் கவனிக்கவில்லை. இந்தக் கதைகள் சமவெளியிலிருந்து வந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடக மேடையிலிருந்து வந்தவை.

மூன்றாவது குறை, ஒரே அச்சு. ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’ படத்தில் நம்மை உலுக்கிய மனமாற்றம், திரும்பத் திரும்ப வந்தபோது சடங்காகிப்போனது. 1922-இல் நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் ‘தி ஃப்ரோசன் நார்த்’ என்ற குறும்படத்தில் ஹார்ட்டின் கண்ணீரையும் விறைப்பையும் பகடி செய்தார். ஹார்ட் மனம் நொந்து, கீட்டனோடு பேசுவதை வெகுகாலம் நிறுத்திவிட்டார். ஆனால் மக்கள் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு ஒரு பாணி இறுகிப்போனால்தான் அதைப் பகடி செய்ய முடியும். மறுபுறம் இன்னொரு கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் பளபளக்கும் உடையும் சர்க்கஸ் சாகசமுமாக இளைஞர் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனார். படத்தின் மீதான தம் பிடியைத் தளர்த்துமாறு பாரமவுண்ட் நிறுவனம் கேட்டபோது ஹார்ட் மறுத்து வெளியேறினார். ஒரு கலைஞனின் பிடிவாதம் என்று இதைப் போற்றலாம். ஆனால் அவர் கட்டிக் காத்தது மேற்கின் உண்மையை மட்டுமல்ல, தாம் பழகிய கதை அச்சையும் சேர்த்துத்தான்.

நிறையும் குறையும் ஒரே இடத்தில் உச்சம் தொடுவது அவருடைய கடைசிப் படத்தில். 1925-இல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வழியாக வெளியான ‘டம்பிள்வீட்ஸ்’, 1893 செப்டம்பர் 16 அன்று ஒக்லஹோமாவில் நடந்த நிலப் பந்தயத்தைக் காட்டுகிறது. செரோக்கி அவுட்லெட் என்றழைக்கப்பட்ட 60 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்ட நாள் அது. ஒரு லட்சம் பேர் அளவுக்கு எல்லைக்கோட்டில் திரண்டார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவனுக்கே நிலம். நண்பகலை நோக்கி நகரும் கடிகாரங்கள், மூச்சடக்கிக் காத்திருக்கும் வண்டிகள், பீரங்கி வெடித்ததும் பூமியே புரண்டு ஓடுவதுபோன்ற அந்தப் பாய்ச்சல் எல்லாம் சேர்ந்து மௌனப்படக் கலையின் சிகரங்களில் ஒன்றாகின்றன. அறுபது வயது ஹார்ட் அத்தனை வண்டிகளையும் முந்திக்கொண்டு மேட்டின் விளிம்பில் தனியாகக் குதிரையை விரட்டுகிறார். அதற்கும் முன்னால், மேய்ச்சல் நிலத்தை விட்டுக் கடைசி மந்தை வெளியேறுவதைப் பார்த்துக் கௌபாய்கள் தொப்பியைக் கழற்றும் காட்சி. காற்றில் உருளும் காய்ந்த புதரைப்போல் வேரில்லாத அந்த மனிதர்களின் காலம் முடிந்தது என்ற துயரம் அதில் சொல்லில்லாமல் நிறைந்திருக்கிறது.

ஆனால் அந்த நிலம் யாருடையது? பெயரே சொல்கிறதே, செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுடையது. அமெரிக்க அரசின் நெருக்கடிக்குப் பிறகு அவர்கள் விற்றுக் கொடுத்த நிலம். நிலத்தை இழக்கும் கௌபாய்க்காக உருகும் படம், அவனுக்கு முன்பே அதை இழந்தவர்களுக்காகத் தொப்பியைக் கழற்றவில்லை. சிறுவனாக சூ பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவரின் படம் இது என்று எண்ணும்போதுதான் அந்த இன்மை மனத்தை உறுத்துகிறது.

1939-இல் இந்தப் படம் மறுபடியும் வெளியானபோது, ஹார்ட் தம் நியூஹால் பண்ணையில் நின்று பேசிய ஒரு முன்னுரையைச் சேர்த்தார்கள். திரையில் அவர் குரல் அப்போதுதான் கேட்கிறது. கணீரென்ற, ஏற்ற இறக்கங்கள் நிறைந்த நாடகக் குரல். குதிரைகளையும் புழுதியையும் பிரிந்த துயரத்தில் அந்தக் குரல் தழுதழுக்கிறது. மேற்கின் உண்மையைச் சொல்ல வந்தவர் கடைசிவரை மேடைக் கலைஞராகவே இருந்தார் என்பதும், அந்த மேடைக்குப் பின்னால் இருந்த அன்பில் கலப்படம் இல்லை என்பதும் அந்தச் சில நிமிடங்களில் ஒன்றாகப் புலப்படுகின்றன. துப்பாக்கிவீரர் வயாட் ஏர்ப் 1929-இல் இறந்தபோது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் ஹார்ட்டும் ஒருவர், அவருடைய போட்டியாளர் டாம் மிக்ஸும் ஒருவர். 1946-இல் ஹார்ட் மறைந்தபின் அவருடைய நியூஹால் மாளிகையும் சுமார் 260 ஏக்கர் நிலமும் அவர் விருப்பப்படி பொதுமக்களுக்கான பூங்காவாகவும் அருங்காட்சியகமாகவும் மாறின. அவர் உயிராக நேசித்த ஃபிரிட்ஸ் என்ற குதிரையின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

தீர்ப்பு இதுதான். ஹார்ட் வெஸ்டர்ன் படத்துக்குப் புழுதியையும் மௌனத்தையும் மனச்சாட்சியையும் கொடுத்தார். அந்த மூன்றும் இல்லாமல் பின்னால் வந்த பெரிய படங்கள் இல்லை. ஆனால் பொருள்களை உள்ளபடி காட்டினால் மனிதர்களையும் உள்ளபடி காட்டியதாகிவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை தவறு. உடையும் சேணமும் சரியாக இருப்பதாலேயே, அவற்றோடு சேர்ந்து வரும் பொய்யான மனித உருவத்தையும் பார்வையாளர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார். இன்றும் அச்சு அசலான அரங்க அமைப்பைக் காட்டி வரலாற்றைச் சொன்னதாக நம்பவைக்கும் படங்கள் வருகின்றன. ஹார்ட்டை எடைபோடப் பழகிய கண்ணுக்கு அவற்றையும் எடைபோடத் தெரியும். ‘ஹெல்ஸ் ஹிஞ்சஸ்’, ‘டம்பிள்வீட்ஸ்’ இரண்டையும் தேடிப் பாருங்கள். அந்தத் தீயையும் அந்தப் பாய்ச்சலையும் மனமார ரசியுங்கள். படம் முடிந்ததும், திரையில் வராத செரோக்கி மக்களைப் பற்றியும் தேடிப் படியுங்கள்.