நிழல் எந்தப் பக்கம்?

கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகளின் வேலையைப் பற்றிக் கதை எழுதுகிறவன் அபிப்பிராயம் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் கட்டப்போகிற கூரைகளின் கீழே காத்துக்கொண்டு நிற்கப் போகிறவர்கள் நாம்தானே!

நம் நாட்டில் கட்டடக் கலைப் பட்டத்துக்கு ஐந்து வருஷப் படிப்பு. மதுரைக்கு அருகே திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. எங்கே படித்தாலும் இதற்கு உயிர்நாடி புத்தகப் பாடம் அல்ல; ஸ்டூடியோ என்கிற வரைகூடம்தான். ஆசிரியர் ஒரு வேலை கொடுப்பார்: ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆஸ்பத்திரி, ஒரு பஸ் நிலையம். மாணவன் இடத்தைப் பார்த்து, அளந்து, வரைந்து, அட்டையில் மாதிரி செய்து, கடைசியில் ஜூரி என்னும் நடுவர் கூட்டத்தின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும்.

இந்த முறையை அழுத்தமாக வேரூன்றச் செய்தது பாரிஸ் நகரத்து நுண்கலைப் பள்ளி. கெடு முடியும் நேரத்தில் படங்களை ஏற்றிச் செல்ல அங்கே ஒரு கைவண்டி வரும். அந்த வண்டிக்குப் பிரெஞ்சு மொழியில் ‘ஷாரெட்’ என்று பெயர். கடைசி ராத்திரிக் கண்விழிப்புக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஸ்டூடியோவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர் 1983-ல் வெளியிட்ட ஒரு நூலில் வெகு நுட்பமாகக் காட்டியிருக்கிறார். பெட்ரா என்கிற மாணவி சரிவான நிலத்தில் ஒரு பள்ளிக்கூடம் வரைகிறாள். கட்டடம் சரிவில் உட்கார மறுக்கிறது. ஆசிரியர் குவிஸ்ட் உபதேசம் செய்வதில்லை. அவள் படத்தின்மேல் தாமே வரைந்துகொண்டு பேசுகிறார். முதலில் ஒரு ஒழுங்கை வைத்துக்கொள், அது பொருந்தாவிட்டால் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் சொல்வதன் சாரம். சும்மா ஒரு மூலையில் கிடந்த நடைகூடம், வரைய வரைய, முக்கியமான அம்சமாக ஆகிவிடுகிறது. கதை எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. போகிற போக்கில் வந்த பாத்திரம் கதையையே தூக்கிக்கொண்டு போய்விடுவது உண்டு. எழுதிப் பார்த்தாலன்றி அது தெரியாது. வரைந்து, அழித்து, மறுபடி வரைவதுதான் படிப்பு என்று ஷோன் சொல்வதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தச் சம்பாஷணையில் ஒரு குறை. பேசுகிறவர்கள் இரண்டே பேர். அந்தப் பள்ளியில் உட்காரப் போகிற குழந்தை அங்கே இல்லை. அதன் தலையில் அடிக்கப்போகிற வெயிலும் இல்லை.

வெயில் என்றதும் மாட்டுத்தாவணி ஞாபகம் வருகிறது. பெயரைக் கேட்டாலே தெரியும், மாடு விற்கவும் வாங்கவும் ஜனங்கள் கூடிய இடம். 1999-ல் அங்கே பெரிய பஸ் நிலையம் வந்தது. பக்கத்திலேயே பூச்சந்தை, காய்கறிச் சந்தை. மேலூருக்கும் சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் மூட்டையும் பிள்ளையுமாக அங்கே நிற்கிறார்கள். இங்கே ஒரு காத்திருப்பு மண்டபம் வரையும்படி ஒரு மாணவனுக்கு வேலை கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

படத்தில் அவன் நிழல் போடுவான். கட்டட வரைபடத்தில் நிழலுக்கு ஒரு பழைய சம்பிரதாயம் உண்டு: வெளிச்சம் எப்போதும் இடப்பக்கத்து மேல் மூலையிலிருந்து 45 பாகையில் விழும். சுவரின் ஏற்றத்தாழ்வு எடுப்பாகத் தெரிவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது; பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டுத்தாவணிச் சூரியன் அந்தச் சம்பிரதாயத்தைப் படித்ததில்லை.

வடக்குப் பக்கத்தைத் திறந்து வைத்தால் வெயில் வராமல் வெளிச்சம் மட்டும் வரும் என்பது இன்னொரு பாடம். ஐரோப்பாவில் அது சரி. பாலகிருஷ்ண தோஷி 1962-ல் ஆமதாபாத்தில் கட்டடக் கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அவர் வகுத்த கட்டடத்தின் ஸ்டூடியோக்களில் வடக்கு வெளிச்சம் விழுகிறது. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற மேதை அவர். அங்கேயும் அது பொருந்தும். நண்பகல் சூரியன் ஆமதாபாத்தைத் தாண்டி வடக்கே போவதில்லை என்றே சொல்லலாம். மதுரையோ பூமத்திய ரேகைக்குப் பத்துப் பாகை வடக்கே இருக்கிற ஊர். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வாரம் வரையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் பிற்பகுதியில் நட்டநடுப் பகலில் பத்தடிக் கம்பத்தின் நிழல் தெற்கே ஏறக்குறைய இரண்டரை அடி விழும். டிசம்பர் பிற்பகுதியில் அதே கம்பத்துக்கு வடக்கே ஆறரை அடி. வடக்கே திறந்த மண்டபம் நம்முடைய கோடையில் காத்திருப்பவர்களைக் காப்பாற்றாது. ஜூரிக்கு அந்தப் படம் குளிர்ச்சியாக இருக்கலாம். பூக்கூடையோடு நிற்கிறவளுக்கு இராது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல ஆசிரியர் இருக்கிறார். திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபம் வசந்த விழாவுக்காக, அதாவது வெயில் காலத்துக்காகவே, எழுந்த மண்டபம். சுற்றிலும் தண்ணீர் நிற்க ஓர் ஓடை வைத்துத்தான் கட்டினார்கள். எந்த மாதத்தில் யார் அங்கே இருக்கப் போகிறார்கள் என்ற கேள்வி அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

இதனால் ஸ்டூடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மாணவன் ஒருவனிடம் பஸ் நிலையத்தைக் கொடுத்துக் கட்டிப் பழகச் சொல்ல முடியுமா? காகிதத்தில் தவறினால் ஒரு ரப்பர் போதும்; கான்கிரீட்டில் தவறினால் ஐம்பது வருஷம் ஜனங்கள் சுமக்க வேண்டும். ஆகவே காகிதம் அவசியம். ஆனால் இடத்தைப் பார்ப்பது ஒரே ஒரு தடவை, அதுவும் வேலையின் ஆரம்பத்தில் மட்டும் என்று இருந்தால் போதாது. படம் வரைந்த பிறகு அந்தப் படத்தோடு இன்னொரு தடவை போக வேண்டும். அப்போதுதான் இடம் எதிர்த்துப் பேசும்.

எனவே ஆசிரியர்களுக்கு என் யோசனை ஒன்று. மே மாதத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, மாட்டுத்தாவணியிலேயே ஜூரியை வைத்துக்கொள்ளுங்கள். மாணவன் படத்தைப் பிடித்துக்கொண்டு, தன் மண்டபத்தின் நிழல் அந்த நேரத்தில் எங்கே விழும் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டட்டும். நடுவர்கள் அந்தக் கோட்டுக்குள்ளே போய் நிற்கட்டும். அதற்கப்புறம் அவன் திருத்தி வரைகிற இரண்டாவது படத்துக்கு மார்க் போடுங்கள்.