சாரல் ரோட்டுக்கு எந்த டயர்?

பிக்கப் வண்டிக்கு டயர் மாற்றப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். வண்டி ஓடினால்தான் தவணை கட்ட முடியும் என்ற நிலையில் அது நியாயமான கேள்வி. ஆனால் தென்காசிப் பக்கம் அதை மட்டும் கேட்டு டயர் வாங்கக் கூடாது. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றும் வண்டி செங்கோட்டையைக் கடந்து, புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் போகிறது. புறப்படும் இடத்தில் காய்ந்த தார்; மலையை நெருங்கினால் சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குற்றாலத்துச் சீசன் முழுக்க, இதுதான் நிலைமை. அடைமழை ரோட்டைக் கழுவிவிடும். சாரல் கழுவாது; எண்ணெயும் தூசியும் ஈரத்தில் குழைந்து வழுக்கும். தேயாமல் உழைக்கிற டயர் அங்கே பிடித்து நிற்கவும் வேண்டும்.

நைலானா ரேடியலா என்பதே பெரிய வழக்கு. அளவைப் படித்தாலே இனம் தெரியும்: 7.00-15 என்று நடுவில் கோடு இருந்தால் நைலான். கோட்டுக்குப் பதில் 'ஆர்' இருந்தால் ரேடியல். நைலானுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய உண்டு. விலை குறைவு, பக்கச் சுவர் தடிமன். கல் குவாரித் தடத்திலும் புளியங்குடி எலுமிச்சைத் தோப்புகளின் முள் பாதையிலும் அது அடி தாங்கும்; ரேடியலின் மெல்லிய பக்கச் சுவரோ கூரான கல்லில் கிழியும். ஆனால் நைலானில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பதால் பக்கச் சுவர் நெளியும்போது தரையில் பதியும் பகுதியான பட்டனும் சேர்ந்து நெளிகிறது. சூடு ஏறுகிறது, பட்டன் சீக்கிரம் தேய்கிறது. ரேடியலில் பட்டனுக்கு அடியில் இருக்கும் எஃகுப் பட்டை அதைத் தட்டையாக நிறுத்துகிறது. நாள் முழுக்கத் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ரேடியல்தான். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரெடிங்கை இகழ மாட்டேன். கோயம்புத்தூர் எல்ஜி போன்ற நிறுவனங்களால் தமிழ்நாட்டில் வேரூன்றிய தொழில் அது. அச்சில் வைத்துச் சுடும் பழைய முறையில் 150 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். கோல்டு முறையில் 100 டிகிரியை ஒட்டியே வேலை முடிவதால் டயரின் கூடான கேஸிங் அவ்வளவு நோவதில்லை. லாரிக்கு இது நல்ல கணக்கு. பிக்கப் டயரில் மிச்சமாகும் பணம் குறைவு. கேஸிங்கோ பெரும்பாலும் ஓவர்லோடில் அடிபட்டது. தென்காசி, ஆலங்குளம் என்று சமவெளியிலேயே சுற்றும் வண்டியின் பின் சக்கரத்துக்குப் போடலாம். மலை ஏறும் வண்டிக்கு வேண்டாம்.

மலை ஏறும் வண்டியில் புது டயரை எங்கே மாட்டுவது என்பதில்தான் நம் டிரைவர்களோடு முரண்படுகிறேன். புது டயர் இரண்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எல்லோரும் முன்னால் மாட்டுகிறார்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் இழுக்கும் என்ற பயம் உண்மையானதே. ஆனால் புனலூரில் லோடு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப்பைக் கவனியுங்கள். பின்பக்கம் எடையே இல்லை, பட்டை ஸ்பிரிங்கோ விறைப்பு. ஈர வளைவில் பிரேக்கைத் தொட்டதும் வால்தான் முதலில் வெட்டும். முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வழியுண்டு. வால் சுழன்றால் கிடையாது.

சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் போதும். ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். எஃப்சிக்கு மட்டும் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் மொட்டை டயரோடு மலையேறுவது ரோட்டில் போகிற எல்லாருடைய உயிரோடும் விளையாடுவது. ஈரப்பிடிப்புக்கும் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்று மத்திய அரசே 2022 அக்டோபரில் புதிய வடிவ டயர்களுக்கு விதி கொண்டுவந்தது. கடைக்காரரிடம் கிலோமீட்டரோடு ஈரப்பிடிப்பைப் பற்றியும் கேளுங்கள். பக்கச் சுவரில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-வது வாரத் தயாரிப்பு. கடையில் வருஷக்கணக்கில் வெயில் தின்ற டயர் தள்ளுபடியில் வந்தாலும் எடுக்காதீர்கள்.

என் தீர்ப்பு இது: ஆரியங்காவு தாண்டும் வண்டிக்கு நான்கும் ரேடியல். முன்னால் நீளவரி, பின்னால் வரியும் கட்டையும் கலந்த பட்டன். முழுக்கட்டை டயர் சேற்றுக்கு மட்டும். இரண்டுதான் வாங்க முடியும் என்றால் அந்த இரண்டும் பின்னால். முன்னால் இருப்பவை வெடிப்போ வீக்கமோ இல்லாமல், 3 மில்லிமீட்டருக்கு மேல் பட்டனோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கையும் மாற்றும்வரை அந்த வண்டிக்குப் புளியரைப் பக்கம் வாடகை எடுக்கக் கூடாது.